எத்தனை செடி, எவ்வளவு மண்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்கு மானிய விலையில் ஒரு தொகுப்பு தருகிறது. 'தளை' என்று பெயர். பிரித்தால் 6 வளர்ப்புப் பைகள், 2 கிலோ எடையில் 6 தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள், 6 விதைப் பாக்கெட்டுகள், கொஞ்சம் உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. ஆறு பைக்கு ஆறு பாக்கெட். கணக்கு சரியாக வருகிற மாதிரிதான் தெரியும். ஒரு பாக்கெட்டைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். ஒரு பாக்கெட் கத்தரி விதையை முழுக்க முளைக்க வைத்தால் ஆறு பையையும் அதுவே நிரப்பிவிடும். மிச்சம் ஐந்து பாக்கெட் இருக்கிறது.

தென்காசி மாடிகளில் இதற்கு இருக்கிற பொதுவான பதில், "எல்லாத்தையும் போடு, வாரது வரட்டும்" என்பது. வரவும் வரும். பதினைந்தாம் நாள் ஒரு பையில் பன்னிரண்டு நாற்று பச்சைப்பசேலென்று நிற்கும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். நாற்பதாம் நாள் அதே பன்னிரண்டும் நெட்டையாக, வெளிறிப்போய், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். பூக்காது. பூத்தாலும் நிற்காது.

செடி வளர்க்க வருகிற எல்லாரும் முதலில் கேட்பது 'எத்தனை' என்ற கேள்வியைத்தான். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி 'எவ்வளவு': எவ்வளவு மண், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தண்ணீர். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் மண். கடையில் பைகள் அங்குலக் கணக்கில் விற்கின்றன. 9க்கு 9, 12க்கு 12, 15க்கு 15, 18க்கு 18. முதல் எண் வாயின் அகலம், இரண்டாவது உயரம். கேட்கும்போது ஒன்றுக்கொன்று மூன்று அங்குலம்தான் வித்தியாசம் போலத் தோன்றும். லிட்டரில் பார்த்தால் கதையே வேறு. 9 அங்குலப் பை விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 9 லிட்டர் பிடிக்கும். 12 அங்குலப் பை 22. 15 அங்குலம் 43. 18 அங்குலம் 75. அகலம் இரண்டு மடங்கானால் தரையில் அது பிடிக்கிற இடம் நான்கு மடங்கு, உள்ளே போகிற மண் எட்டு மடங்கு. நான்கு சின்னப் பைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய பையை வைத்தால், மொத்த மண் இரட்டிப்பாகிறது. மாடி தாங்குமா என்பது தனிக் கேள்வி. ஈர மண்ணின் எடை லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாராளமாகத் தாண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தது கத்தரிக்காக இல்லை. கனடாவிலிருந்து வந்த ஒரு போனுக்காக.

பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. இப்போது டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோவில், ஒரு வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கிறான். ஜன்னல் என்று ஒன்று உண்டு, தரைமட்டத்தில், பனிக்காலத்தில் அதையும் பனி மூடிவிடும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி உள்ளே ஒரு கூடாரம் வாங்கி வைத்திருந்தான். வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளிக் காகிதம் மாதிரிப் பளபளப்பு, மேலே எல்இடி விளக்கு, ஓரத்தில் ஒரு சின்ன மின்விசிறி. அகலம் 2 அடி, நீளம் 4 அடி. ஜிப்பை இழுத்து மூடினால் துணி பீரோ மாதிரி இருக்கும்.

"நாலு வைக்கலாம்னு சட்டமே சொல்லுது. நாலும் வைக்கவா? தொட்டி எம்புட்டுப் பெருசு வாங்க?" என்றான்.

"என்ன செடில?"

"அந்தச் செடிதான்."

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும். ஒரு வீட்டுக்கு நான்கு செடி என்பது மத்திய அரசுச் சட்டத்தின் வரம்பு, ஒன்டாரியோவிலும் அதேதான். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு மூன்று.

இதில் என்னை இழுத்தது ஒரு சின்ன விவரம். கனடாவின் சட்ட முன்வடிவில் முதலில் எண்ணிக்கையோடு உயரமும் இருந்தது. எந்தச் செடியும் 100 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். 2017-இல் நாடாளுமன்றக் குழு அதை நீக்கிவிட்டது. யார் வீடு வீடாக டேப் வைத்துக்கொண்டு போவது? செடி ராத்திரியில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டால் காலையில் குற்றமா? கடைசியில் மிஞ்சியது எண் மட்டும். எண்ணுவது சுலபம். விரல் போதும். அளப்பதற்குத்தான் ஆள் வேண்டும், கருவி வேண்டும், தகராறு வரும்.

இந்தியாவில் எண்ணே கிடையாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை வைத்திருப்பதற்கு எடைக் கணக்குப் பார்க்கும். ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வளர்ப்பதற்கு அந்தக் கணக்கும் கிடையாது. 20-வது பிரிவின்படி உரிமம் இல்லாமல் வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு தொட்டியில் ஒரு செடி நின்றாலும் அதே பிரிவுதான். அவன் போனில் கேட்ட கேள்விக்கு ஸ்கார்பரோவில் நான்கு என்று ஒரு விடை இருக்கிறது. தென்காசியில் அதற்கு விடை பூஜ்ஜியம். இடையில் இருப்பது ஒரு விமான டிக்கெட்.

செடி எதுவானாலும் வேருக்கு வேண்டியது இடம்தான். அதனால் எனக்குத் தெரிந்த கத்தரியையும் மிளகாயையும் வைத்தே அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஜெர்மனியில் ஹென்ட்ரிக் போர்ட்டர் என்ற தாவரவியலாளரும் அவரது குழுவும் 2012-இல் ஒரு வேலை செய்தார்கள். தொட்டியின் அளவு செடியை எவ்வளவு பாதிக்கிறது என்று அதுவரை வந்த 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் மொத்த எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. அதே குழு, மருத்துவமனையில் நமக்கு எடுக்கிற எம்ஆர்ஐ மாதிரியே தொட்டிகளையும் படம் எடுத்துப் பார்த்தது. வேர் நடுவில் சுகமாக உட்கார்ந்திருக்கவில்லை. நேராகச் சுவரைத் தேடிப் போயிருந்தது. பெரும்பகுதி வேர் தொட்டியின் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டுதான் செடி தன் உயரத்தை முடிவு செய்கிறது போல.

இதைக் குற்றாலத்து நாற்றுக்காரர்கள் எம்ஆர்ஐ இல்லாமலே காட்டுவார்கள். சீசன் நேரத்தில் ஐந்தருவி போகிற வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பழமாகவும் விற்கும், கன்றாகவும் விற்கும். கறுப்பு பாலிதீன் கவரில் நிற்கிற கன்றைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். துளை வழியாக வேர் வெளியே வந்திருந்தாலோ, கவரைக் கிழித்தால் வேர் பம்பரக் கயிறு மாதிரிச் சுற்றியிருந்தாலோ, "இது சுத்திருச்சுங்க, வேற எடுத்துக்கிடுங்க" என்று நல்ல கடைக்காரர் அவரே சொல்வார். கவருக்குள் வட்டம் போட்டுப் பழகிய வேர் தோட்டத்து மண்ணில் இறக்கிய பிறகும் கொஞ்ச காலம் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலை பளபளவென்றுதான் இருக்கும்.

அந்த 43 சதவீதத்தை இன்னொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கலாம். 10 லிட்டர் தொட்டியில் ஒரு செடி 100 பங்கு வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் தொட்டியில் அது 143. ஆனால் இரண்டு 10 லிட்டர் தொட்டியில் இரண்டு செடி வைத்தால் 200. அதாவது எண்ணிக்கைக்குத் தடை இல்லாதபோது, அதே மண்ணைப் பிரித்துப் பல சின்னத் தொட்டிகளில் போடுவதுதான் மொத்தத்தில் லாபம். எண்ணிக்கைக்குத் தடை போட்டால் கணக்கு தலைகீழாகிறது. நான்குக்கு மேல் கூடாது என்றால், ஆளாளுக்கு ஒவ்வொரு செடியையும் பெரிதாக்கத்தான் பார்ப்பார்கள். சட்டம் செடியை எண்ணுகிறது, அதனால் தொட்டி வீங்குகிறது. எதை எண்ணுகிறோமோ அதற்குப் பக்கத்தில் எண்ணாமல் விட்டது பெருகும். மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் தொழிலில் எழுதிய வரிகளை எண்ணிய காலமும் உண்டு, மூடிய டிக்கெட்டுகளை எண்ணுகிற காலமும் உண்டு.

ஆனால் கூடாரத்தில் மண்ணை விட முக்கியமான ஒரு வரம்பு தலைக்கு மேலே தொங்குகிறது. ஒரே ஒரு விளக்கு. அது 8 சதுர அடிக்கு வெளிச்சம் தரும். கீழே இரண்டு செடி நின்றாலும் இருபது நின்றாலும் அதே வெளிச்சம்தான். கூரைக்குக் கீழே வெளிச்சம்தான் நிலம். 1950-களில் ஜப்பானில் தட்சுவோ கிரா, ஷினோசாக்கி போன்றவர்கள் ஒரு பாத்தியில் செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். ஒரு கட்டம் வரை மொத்த விளைச்சல் ஏறுகிறது. அதற்குப் பிறகு எத்தனை செடி சேர்த்தாலும் மொத்தம் நகர்வதில்லை. இருப்பதையே எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஒவ்வொன்றும் சின்னதாகிறது. இன்னும் நெருக்கினால் பலவீனமானவை தாமாகவே செத்து மற்றவற்றுக்கு வழிவிடும். நாம் கலைக்காவிட்டால் பாத்தி தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் பாதிப் பருவம் போயிருக்கும்.

இந்த விஷயத்தை எங்கள் பக்கத்து வயல்காரர்கள் நெல்லில் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். குற்றாலத்து மலையில் பிறக்கிற சிற்றாறு தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. அந்தத் தாமிரபரணிப் பாசனத்தில் 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நூறு விவசாயிகளின் வயலில் ஒற்றை நாற்று நடவைச் செய்து பார்த்தது. இப்போது செம்மை நெல் சாகுபடி என்று சொல்கிற முறை. வழக்கமான நடவில் 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து. குத்துக்கு மூன்று நாற்று வைத்தால் 150 செடி. ஒற்றை நாற்றை 25க்கு 25-இல் நட்டால் 16 செடிதான். பத்தில் ஒரு பங்கு. நட்டு முடித்த வயலைப் பார்த்தால் வயிறு கலங்கும். தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல் மிதக்கிற மாதிரி இருக்கும். அறுவடையில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 5.7 டன்னிலிருந்து 7.2 டன்னாக ஏறியிருந்தது. இளம் நாற்று, காய்ச்சலும் பாய்ச்சலுமான தண்ணீர், உருளும் களைக் கருவி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. இடைவெளி மட்டும் காரணமில்லை. இந்த முறையின் பெரிய பெரிய விளைச்சல் கணக்குகளைச் சந்தேகப்பட்டுக் கடுமையாக எழுதிய விஞ்ஞானிகளும் உண்டு. ஆனாலும் 150 செடியின் இடத்தில் 16 நின்று குறையாமல் விளைந்தது என்பதே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

மூன்றாவது, தண்ணீர். தொட்டி வாங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம் இதுதான். தொட்டியின் அளவு என்பது நாம் பக்கத்தில் இல்லாமல் இருக்கக்கூடிய நேரத்தின் அளவு. ஏப்ரல் வெயிலில் தென்காசி மாடியில் 9 அங்குலப் பைக்குக் காலையில் தண்ணீர் ஊற்றினால், நன்றாக வளர்ந்த தக்காளி சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். 15 அங்குலப் பை இரண்டு நாள் தாங்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எனக்குச் சின்னப் பை கட்டுப்படியாகும், மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் மாடி ஏறலாம். பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

அதற்காக எடுத்த எடுப்பில் பெரிய பை வாங்கினால் வேறு வினை. சின்ன நாற்றைப் பெரிய பையில் நட்டால் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்ச அதற்கு வேர் போதாது. ஜூன், ஜூலையில் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து நாள் முழுக்கத் தூவும். பை காயவே காயாது. வேர் மூச்சு முட்டி அழுகும். அதனால்தான் குழித்தட்டு, பிறகு சின்னக் கவர், பிறகு பை என்று படிப்படியாக மாற்றுகிறார்கள். போதாததற்கு ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று. பெரிய கோயில் கோபுர வாசலில் ஆளையே பின்னால் தள்ளுகிற அதே காற்று. நார்க்கழிவு மட்டும் நிரப்பிய லேசான பையில் மூன்றடிச் செடி நின்றால் காலையில் அது படுத்திருக்கும். எங்கள் ஊரில் பையின் அளவை வேர் பாதி முடிவு செய்தால், காற்று பாதி முடிவு செய்கிறது.

இதையெல்லாம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அவனிடம் பேசினேன். அவனுக்கு அங்கே ராத்திரி. ஒருநாள் அவனே சொன்னான்: "தூக்கம் வரலன்னா ஜிப்பைத் திறந்து பாத்துட்டு உக்காந்திருப்பேம்ல. வெளிய மைனஸ் பதினெட்டு. உள்ள மட்டும் வெயில் அடிக்கி."

அவனுடைய அப்பா போனது இரண்டு வருஷத்துக்கு முன்பு. டிக்கெட் கிடைத்து, மூன்று விமானம் மாறி, அவன் வந்து சேர்ந்தபோது காரியங்கள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தெருவில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போனதிலிருந்துதான் இந்தத் தூக்கமின்மை. அந்தச் செடி அவனுக்கு மருந்தா, பழக்கமா, பொழுதுபோக்கா என்று நான் கேட்கவில்லை. சட்டம் கேட்காத கேள்வியை நான் எதற்குக் கேட்க வேண்டும்?

நான்கு வைக்கலாம், ஆளுக்கு இரண்டு சதுர அடி வரும் என்று நான் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு, கடைசியில் அவன் தன் கணக்கைப் போட்டான். அந்தச் செடி இரண்டு. மிச்சம் இரண்டு தொட்டியில் மிளகாய். ஊரிலிருந்து அவன் அம்மா பார்சலில் அனுப்பிய வத்தலை உதிர்த்துப் போட்ட விதை.

"சட்டம் நாலு தருதுல, ரெண்டை ஏன் விட்ட?" என்றேன்.

"அம்மைக்கு வீடியோல காட்டணும்லா."

அவன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மகன் கனடாவில் பெட்டிக்குள் தோட்டம் போட்டிருக்கிறான் என்பது அத்தைக்குப் பெருமை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வீடியோவில் மிளகாய் இரண்டும் முன்னால் நிற்கும். பின்னால் பச்சையாகத் தெரிவது என்ன என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "அவன்ட்டயே கேளுங்க அத்தை" என்றேன். சொல்வதாக இருந்தால் அவன் சொல்ல வேண்டியது அது.

போன மாதம் அத்தை வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். பழைய இருபது லிட்டர் பெயின்ட் வாளிகளில் அடியில் துளை போட்டுக் கத்தரி விதைத்திருந்தார். வாளிக்கு ஏழெட்டு நாற்று. எல்லாம் ஒரு சாண் உயரம், எல்லாம் நன்றாக இருந்தன. அதுதான் கஷ்டம். நோஞ்சானாக இருந்தால் கை தயங்காது.

"வாளிக்கு ஒண்ணுதான் நிக்கும் அத்தை. மத்ததக் கலைச்சு விடணும்."

"தெரியும்யா. நெல்லுக்குக் கலைச்சவதானே நான்." வயல் விற்றுப் பல வருஷம் ஆகிறது. அத்தை குனிந்து ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வயல்ல கலைச்சா ஒண்ணும் தோணாது. ஆயிரம் கிடக்கும். இங்க முகம் தெரியுதுல்லா."

நான் ஒன்றைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "வேரோட இழுக்காத. பக்கத்து வேரும் சேந்து அசையும். கிள்ளி விடு." நகத்தால் தண்டின் அடியில் ஒரு கிள்ளு. நாற்று சத்தமில்லாமல் மண்ணில் சாய்ந்தது. அதை எடுத்து வெளியே போடாமல் அந்த வாளியிலேயே மண்ணின் மேல் மூடாக்காகப் போட்டார். அடுத்ததைக் கிள்ளினார். நான்கைந்து போன பிறகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவன் அந்தப் பெட்டில மொத்தம் எத்தன வச்சிருக்கான்?"

"நாலு அத்தை."

"நாலு போதும். ஒத்த ஆளு தண்ணி ஊத்தணும்லா" என்றபடி அடுத்த வாளிக்குப் போனார்.